விதி நான்கும் ஒன்பதாம் படமும்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
12 ஜனவரி 2025

என் ஒரே மருமகளும், எடின்பரோ நகரத்துக் கலைநூல்கள் அத்தனைக்கும் காவல் தெய்வமுமான நிலானிக்கு, மாமன் விநாசித்தம்பி ஆசி கூறி எழுதுவது.

நானும் கனகேஸ்வரி மாமியும் சுகம். அங்கே குளிரில் உன் மூக்கு தக்காளி ஆகிவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கே வெயில். வாசலில் நிறுத்திய சைக்கிள் நேற்று உருகி, பக்கத்து வீட்டு வடிகாலில் ஓடிவிட்டது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அலுவல் விஷயம். நம் புத்தகச் சேர்க்கைக் குழு விவகாரம் எல்லாம் கடிதத்தில்தான் நடக்க வேண்டும் என்று விதி ஆறு சொல்கிறது. நூலகப் படிப்பு முடித்த திமிரில் அந்த ஆறு சேர்க்கை விதிகளையும் எழுதியவள் நீ. ஆகவே தொலைபேசியில் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

நம் அலமாரியில் இப்போது நாற்பத்தொரு ஓவிய நூல்கள். பாரிஸ் நகரத்து அருங்காட்சியகங்கள் பொறாமையில் தூக்கமிழந்துவிட்டதாகக் கேள்வி. அத்தனையும் விதி ஒன்றின்படி பினாங்கை வரைந்தவை, அல்லது பினாங்கில் வரையப்பட்டவை. விதி மூன்றின்படி ஒவ்வொன்றையும் நானும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் பார்த்துப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நாற்பத்திரண்டாவதாக மாமி ஒன்று கேட்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் தானாகக் கேட்கும் முதல் புத்தகம். ஐம்பதுகளில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பாலிக் புலாவில் வந்து தங்கி, பன்னிரண்டு வண்ணப் படங்கள் வரைந்து, ஊர் திரும்பி ஒரு தொகுப்பாக அச்சிட்டாராம். நூற்றிருபது பிரதிகள்தான். அதில் ஒன்பதாம் படம் 'மருந்தகத்து வீட்டு வாசல்'. மாமியின் அப்பா அங்கே காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்தவர். வாசலில் நிற்பது மாமியின் அம்மா.

மாமிக்கு ஐந்து வயதில் அம்மா போய்விட்டார். சித்தி வந்த கையோடு வீட்டிலிருந்த போட்டோக்களும் போய்விட்டன. பதினைந்து வயதில், பள்ளித் தலைமையாசிரியை அறையில் இந்தப் படத்தை ஐந்து நிமிடம் பார்த்தாளாம். அவ்வளவுதான் அவளுக்கு அம்மா.

தேடு. சீக்கிரம் தேடு. கிடைக்காவிட்டால் நான் கடலில் குதித்து நீந்தி வந்து நானே தேடுவேன்.

கீழே மாமி இரண்டு வரி எழுதுகிறாள். அவள் எழுத்து இந்த முறை ஏனோ கோடு தவறிக் கொடிமலை ஏறுகிறது. கண்டுகொள்ளாதே.

உன் மாமன்,
விநாசித்தம்பி,
சேர்க்கைக் குழுத் தலைவர், முன்னாள் துறைமுகக் குமாஸ்தா

நிலானி, நேரத்துக்குச் சாப்பிடு. குல்லா போடு. மாமி.


எடின்பரோ
1 பிப்ரவரி 2025

அன்புள்ள தலைவர் மாமாவுக்கும் மாமிக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மூக்கு பிழைத்துக்கொண்டது. சைக்கிள் கிடைத்ததா?

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாமி இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நாற்பத்தொரு புத்தகத்தையும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாரே, ஒவ்வொன்றிலும் இதைத்தான் தேடியிருப்பாரோ?

நல்ல செய்தி. கிளாஸ்கோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி இருக்கிறது. கடைக்காரர் படம் எடுக்க விடாதவர், அஞ்சலில் அனுப்பியும் காட்டாதவர். விடுப்பு கிடைத்ததும் ரயிலேறிப் போய் நானே பார்த்துவிட்டு எழுதுகிறேன். என் வேலை நிரந்தரமாகுமா என்பது இந்த மே மாதம் தெரிந்துவிடும்.

மாமியின் சர்க்கரை எப்படி இருக்கிறது?

உங்கள் நிலானி


ஜார்ஜ்டவுன்
14 பிப்ரவரி 2025

கிளாஸ்கோ மீது படையெடுக்கவிருக்கும் வீராங்கனை நிலானிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் போட்ட கூத்தில் வீட்டுக் கூரை இரண்டு அடி உயர்ந்து மறுபடி உட்கார்ந்தது. கமாலுதீன் சாட்சி. சூலியா தெருவில் பைண்டிங் கடையை மூடிய பிறகு அவருக்கு நம் வீடுதான் கடை, என் வாய்தான் வியாபாரம். "அண்ணே, கூரை இருந்த இடத்துலதான் இருக்கு லா. ஆடுனது உங்க வயிறு" என்கிறார். சாட்சியே எதிரியாகிவிட்டால் நான் என்ன செய்வது?

நாங்கள் சுகம். மாமியின் சர்க்கரையும் சுகமாகத்தான் இருக்கிறது, அவளை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தைப்பூசம் முடிந்தது. இந்த வருடம் மாமி தண்ணீர்மலை ஏறவில்லை. ஐந்நூறு சொச்சம் படி, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கீழே தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து, மேளச் சத்தத்தை வைத்தே எந்தக் காவடி எந்த ஊர்க் கூட்டம் என்று சொன்னாள். "இது பாகான் டாலாம் பிள்ளைங்க" என்பாள், அதுவேதான்.

படத்தைப் பற்றித் தினமும் பேசுகிறாள். அம்மாவின் சேலை பச்சை என்கிறாள். கை கதவில் இருக்கும் என்கிறாள். முகத்தை மட்டும் சொல்ல வரவில்லை. "பார்த்தா சொல்லிடுவேன்" என்கிறாள்.

நீ எப்போது கிளாஸ்கோ போகிறாய்? இன்று போக முடியுமா?

உன் மாமன்


எடின்பரோ
9 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

இருவரும் நலமா? போன கடிதத்தில் மாமியின் இரண்டு வரி இல்லையே. கோபமா?

நேற்று கிளாஸ்கோ போய்வந்தேன். வருத்தமான செய்தி. பதினொரு படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. ஒன்பதாம் படத்தில் மட்டும் நீர்க்கறை. தேநீர் நிறத்தில், சேலையின் கீழ்ப்பாதி முழுவதும். முகம் தெரிகிறது. ஆனாலும் மாமியின் அம்மா சேற்றில் நிற்பதுபோல் இருக்கிறது. பார்க்கவே எனக்கு மனம் கேட்கவில்லை.

விதி நான்கு: குறையுள்ள பிரதி வேண்டாம், நல்ல பிரதி வரும்வரை காத்திரு. அந்த விதி எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? கறையான் பிடித்த பூவோவிய நூலை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அது கட்டில் காலைத் தின்று, நீங்கள் இருவரும் ஒரு மாதம் சாய்ந்தே தூங்கியதாகச் சொன்னீர்களே, அன்று எழுதியது. மற்ற நாற்பத்தொன்றுக்கும் இதைக் கடைப்பிடித்துவிட்டு, மாமியின் அம்மாவுக்கா விலக்கு? வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேறு பிரதி தேடுகிறேன். மாமியின் எழுபதாவது பிறந்த நாளுக்கு ஒரு பொட்டுக் கறை இல்லாமல் அவர் கையில் இருக்கும். இது என் வாக்கு.

உங்கள் நிலானி


ஜார்ஜ்டவுன்
20 மார்ச் 2025

செயலாளர் நிலானிக்குத் தலைவரின் அவசர ஆணை!

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், விதி நான்கு இன்று காலை ஒன்பது மணி முதல் இடைநிறுத்தம் செய்யப்படுகிறது. கறைப் பிரதியை உடனே வாங்கி அனுப்பவும். தவறினால் பினாங்குப் பாலம் நடுவில் முறியும், கொம்தார் கோபுரம் வெட்கத்தில் தரைவரை குனியும், பாலிக் புலாவ் டுரியான்கள் எல்லாம் முள்ளில்லாமல் காய்க்கும், கமாலுதீனுக்குத் தலையில் முடி முளைக்கும்.

கறை இருந்தால் பரவாயில்லை, நிலானி. இது உண்மையாகவே அவசரம்.

மேலும், கறை கீழே. முகம் மேலே. மாமிக்கு வேண்டியது முகம். கறையைப் பார்க்காதே என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொள்கிறேன். முப்பத்தெட்டு வருடமாக என் தொப்பையைப் பார்க்காமல் வாழ்ந்தவள், ஒரு கறையைப் பார்க்காமல் இருக்கமாட்டாளா?

மாமிக்கு உன் மேல் கோபமில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது. நாங்கள் சுகம்.

உன் மாமன்,
தலைவர், தளபதி, தந்தி இலாகா


எடின்பரோ
6 ஏப்ரல் 2025

அன்புள்ள தளபதி மாமாவுக்கு,

நூலகத்தில் உட்கார்ந்து படித்துச் சத்தமாகச் சிரித்ததில், மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டார். கமாலுதீன் மாமாவின் தலைமுடியைப் பணயம் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பதிவேட்டின் நகலைப் புரட்டினேன். போன வருடம் மீன்பிடிப் படகு ஓவியங்களுக்கு 'உயிர் போகும் அவசரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வருடம் கோயில் தேர் வரைபடங்களுக்கு 'நாளை உலகம் அழிகிறது, இன்றே அனுப்பு'. இரண்டு முறையும் உலகம் பிழைத்தது. ஆகவே செயலாளராகிய நான் பணிவுடன் மறுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மாமியிடமும் கேட்டேன். குரல் கணீரென்று இருந்தது. "உன் மாமா எதுக்குத்தான் அவசரப்படலே? நீ நல்லதாவே பாத்து அனுப்பு. உன் வேலையை முதல்ல பாரு" என்றார்.

கேளுங்கள்: இன்வெர்னஸில் ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவியிடம் சுத்தமான பிரதி இருக்கிறது. உறையைவிட்டு எடுத்ததே இல்லையாம். கோடையில் வீட்டை ஒழிக்கும்போது தருகிறேன் என்கிறார். ஜூன். இரண்டே மாதம். அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த மாமிக்கு இரண்டு மாதம் ஒரு பொருட்டா?

உங்கள் நிலானி


ஜார்ஜ்டவுன்
2 ஜூன் 2025

அன்புள்ள நிலானிக்கு,

பதில் எழுதத் தாமதம். வேலை நிரந்தரமானது என்று நீ தொலைபேசியில் சொன்னபோது மாமி அழுதுவிட்டாள். சந்தோஷம்தான்.

மூன்று புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, பாத்திக் துணி மாதிரிகள் ஒட்டிய பழைய கடை ஏடு. இரண்டாவது, வாவ் என்னும் மலாய்ப் பட்டங்களைப் பற்றியது. மூங்கிலும் காகிதமும் ஒவ்வொரு பக்கத்திலும் நிஜமாகவே வைத்துத் தைத்திருக்கிறார்கள். மூன்றாவது, மரக்கட்டையில் செதுக்கி அழுத்தி எடுத்த படங்கள். காகிதம் மேடும் பள்ளமுமாக இருக்கும்.

மாமி துணி ஏட்டை ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் வைத்திருந்தாள்.

ஜூன் வந்துவிட்டது. புத்தகம் வந்துவிட்டதா?

விநாசித்தம்பி


எடின்பரோ
13 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

புத்தகம் வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் லென்ஸ் வைத்துச் சோதித்தேன். அறிக்கை இணைத்திருக்கிறேன்: 'பன்னிரண்டு படங்களும் முழுமை. ஒன்பதாம் படம் மிகச் சுத்தம்.' நூலகத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நேற்று விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் சைக்கிள் உருகவில்லை. பாலம் முறியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா, எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. ஒரு தொகுப்பு திடீரென்று திசை மாறினால், அதைப் பார்ப்பவர் மாறிவிட்டார் என்று பொருள். நாற்பத்தொரு புத்தகம் வண்ணப் படங்கள். கடைசி மூன்று துணி, மூங்கில், மேடு பள்ளம். மூன்றும் விரலால் பார்ப்பவை. ஜனவரியில் மலையேறிய எழுத்து, அதன் பிறகு வரவேயில்லை.

மாமியின் கண்ணுக்கு என்ன?

நிலானி


ஜார்ஜ்டவுன்
29 ஜூன் 2025

அன்புள்ள நிலானிக்கு, மாமா எழுதுவது.

சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. போன நவம்பரில் டாக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இடது கண் டிசம்பரில் போனது. வலது கண் வருடத்தின் நடுப்பகுதி வரை தாங்கலாம் என்றார்கள். மே பதினேழு வரை தாங்கியது.

உனக்குச் சொல்லக்கூடாது என்று மாமி என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். உன் அம்மா படுத்தபோது நீ நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம் பார்த்தாய். மறுபடி ஒரு வேலை கிடைக்க உனக்கு நான்கு வருடம் ஆனது. "இன்னொரு தடவை அந்தப் பிள்ளையை நோயாளி கட்டிலுக்கு இழுக்காதீங்க" என்றாள். வேலை நிரந்தரமான பிறகும் சொல்லவிடவில்லை. அதற்குள் சொல்லியும் பயனில்லை என்று ஆகிவிட்டது.

சத்தியத்தை மீறாமல் உன்னை அவசரப்படுத்த எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பாலத்தை முறித்தேன், கோபுரத்தைக் குனியவைத்தேன். நீ சிரித்தாய். எழுபத்தொரு வயதில் ஒரே ஒரு வரி உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதை டுரியானுக்கும் தொப்பைக்கும் நடுவில் வைத்தது நான்தான். உன் மேல் பிழையில்லை.

புத்தகம் செவ்வாய்க்கிழமை வந்தது. மாமி குளித்துவிட்டு வந்து, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கமாலுதீன் தூக்குச்சட்டியில் மீன்குழம்பு கொண்டுவந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். நான் ஒன்பதாம் படத்தைத் திறந்தேன்.

மாமி சொன்னாள்: "இங்க பாருங்க. இன்னிக்கு ஒண்ணும் கூட்டிச் சொல்லாதீங்க."

"சரி."

"சேலை என்ன நிறம்?"

"மஞ்சள்."

"நான் பச்சைன்னு வச்சிருந்தேன். சரி. முகம்?"

என்னால் முடியவில்லை, நிலானி. கப்பல் கூலிகளைச் சக்கரவர்த்தியாகவும், சக்கரவர்த்திகளைக் கூலியாகவும் பேசிப் பழகின வாய். ஒரு பெண் முகத்தை உள்ளபடி சொல்லத் தெரியவில்லை. நெற்றி அகலம் என்றேன். மூக்கில் ஒற்றைக்கல் என்றேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார் என்றேன். சிரிக்கிறாரா என்று கேட்டாள். சிரிக்கவில்லை, ஆனால் யாரோ கூப்பிட்டுத் திரும்பினது மாதிரி இருக்கிறது என்றேன். மாமி விரலைப் படத்தின் மேல் வைத்தாள். வழவழப்பான காகிதம். விரலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"கறை இருக்கா?"

"இல்லை. ஒரு பொட்டுக் கறை இல்லை."

"பிள்ளை நல்லதாப் பாத்துத்தான் அனுப்பியிருக்கா."

அப்போதுதான் பார்த்தேன். சேலையின் கீழ்ப்பக்கம், மடிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை. குழந்தைக் கை. கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குழந்தை தெரியவில்லை, கை மட்டும். மாமிக்கு அக்கா தங்கை, அண்ணன் தம்பி யாரும் இல்லை.

சொன்னேன். மாமி என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சொன்னேன்ல, இன்னிக்கு வேணாம்னு."

"சத்தியமா இருக்கு, கனகேஸ்."

"நான் ஆசைப்படுவேன்னு சொல்றீங்க. அஞ்சு நிமிஷம் பாத்தேனே, நான் பாக்கலியே."

"முகத்தையே பாத்திருப்பே."

"போதுங்க."

கமாலுதீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இருக்கு அக்கா, நானே பாக்குறேன்" என்றார். "உங்களுக்கும் சொல்லிக்கொடுத்துட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். பதிவேட்டில் கையெழுத்தும் போடவில்லை. "விதி மூணு என்ன சொல்லுது? பாத்தவங்கதான் போடணும்" என்று எழுந்து போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

நீ எழுதி அனுப்பு, நிலானி. உன் வார்த்தையை நம்புவாள். நீ ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை.

விநாசித்தம்பி


எடின்பரோ
9 ஜூலை 2025

அன்புள்ள மாமிக்கு,

இந்தக் கடிதத்தை மாமா வாசிக்க வேண்டாம். கமாலுதீன் மாமா வாசிக்கட்டும். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் பேனா வரவில்லை.

முதலில் என் குற்றம். அந்தப் படத்தை நான் இரண்டு பிரதிகளில், இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை ஒரு கறையைப் பார்த்தேன். இரண்டாம் முறை லென்ஸ் வைத்துக் கறை இல்லாததைப் பார்த்தேன். 'மிகச் சுத்தம்' என்று அறிக்கை எழுதிய எனக்கு, படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மாமாவின் கடிதம் வந்த பிறகுதான் நகலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதியம் முழுவதும் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

சேலை மஞ்சள். ஆனால் கரை பச்சை, நான்கு விரல் அகலம். நீங்கள் நினைவில் வைத்திருந்த பச்சை அதுதான்.

நெற்றி அகலம். கண்ணைச் சுருக்கியிருக்கிறார். மாமா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. நீங்கள் என்னிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்கும்போது தலையை இடது பக்கம் சாய்ப்பீர்கள். அவரும் அப்படித்தான் சாய்த்திருக்கிறார்.

வலது கை கதவில். இடது கை பின்னால் போயிருக்கிறது. ஏன் போயிருக்கிறது என்றால், அங்கே ஒரு குழந்தை நிற்கிறது. குழந்தை தெரியவில்லை. கை மட்டும் தெரிகிறது. நான்கு விரல்கள். கட்டைவிரல் கொசுவத்துக்குள் இருக்கிறது. மணிக்கட்டில் கறுப்பு வளையல் ஒன்று. கிளாஸ்கோ பிரதியில் இந்த இடத்தில்தான் கறை இருந்தது.

கை இருக்கிறது, மாமி. மாமா கூட்டிச் சொல்லவில்லை.

கிளாஸ்கோ பிரதியை மார்ச்சில் அனுப்பியிருந்தால் நீங்கள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள், கையைப் பார்த்திருக்கமாட்டீர்கள். எது பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகம்தான் என்று தோன்றுகிறது. அதை நான் உங்களுக்குக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி வருகிறேன். மூன்று வாரம் விடுப்பு. வேலையை விடவில்லை, பயப்பட வேண்டாம். குழுவிடம் அனுமதியும் கேட்கவில்லை. விதி மூன்றின்படி இருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் படத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டே வாருங்கள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதைப் பன்னிரண்டாவது படம் முடிந்ததும் நீங்களே முடிவு செய்யுங்கள். அதுவரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

மாமாவிடம் கோபிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவரிடம் வெயில் எப்படி என்று கேட்டேன். 'முப்பத்திரண்டு டிகிரி' என்றார். எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் பிள்ளை,
நிலானி